கரமனைக் கதவும் தயிர்சாத நாயும்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு விற்பனைக்காரர் வந்தார். கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துக் காட்டி, "இதைக் கதவோட கீழ்ப்பாதியில ஒட்டிட்டா போதும் சார், நாய் எவ்வளவு பிராண்டினாலும் மரத்துல ஒரு கீறல் விழாது" என்றார்.

"நாய் நக்கினா?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். "நக்கினா கதவுக்கு என்ன சார் ஆகும்?"

"கதவுக்கு ஒண்ணும் ஆகாது. குடும்பத்துக்குத்தான் ஆகும்" என்றேன். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். தாளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற என் மருமகன், அவரும் மரவேலைக் காண்டிராக்ட் எடுப்பவர்தான், "அது என்ன மாமா நக்குற கதை?" என்று விடாமல் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பாலிஷ் வேலைக்காரன். பெயர் செல்லையன். ஊர் தக்கலைப் பக்கம். மீசை சரியாக முளைக்கும் முன்பே திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, பழவங்காடியில் ஒரு மரச்சாமான் பட்டறையில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் உப்புத்தாள் தேய்த்தேன் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கும்போதும் என் கை தேய்த்துக்கொண்டிருந்ததாக உடன் தங்கியவர்கள் சொல்வார்கள். மற்றதெல்லாம் லாசர் மேஸ்திரியோடு கழிந்த காலம்தான்.

லாசர் மேஸ்திரி கடற்கரைக்காரர். அவர் அப்பா வள்ளம், அதாவது மீன்பிடிப் படகு, கட்டுகிறவர். மேஸ்திரி ஒரு கதவைப் பார்க்கப் போனால் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு புறங்கையால் மரத்தை மேலிருந்து கீழ்வரை தடவுவார். உள்ளங்கையால் தொடவே மாட்டார். "வேலை செய்து காய்ச்ச உள்ளங்கை கள்ளம் பறயும் செல்லையா. புறங்கைக்குக் கள்ளம் அறியில்ல" என்பார்; கள்ளம் என்றால் பொய். தடவி முடித்ததும் குனிந்து மோந்து பார்ப்பார். வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்தே பாதி மயங்கிவிடுவார்கள்.

அவரிடம் ஒரு பெரிய குறை உண்டு. யார் என்ன கேட்டாலும் "செய்யாம்" என்பார். செய்துவிடலாம் என்று அர்த்தம். பலாமரக் கட்டிலை ஈட்டிமரக் கட்டில் மாதிரி ஆக்கித் தர முடியுமா? செய்யாம். அடைமழையில் நாளைக்குள் பாலிஷ் போட்டு முடிக்க முடியுமா? செய்யாம். மழை ஈரத்தில் அரக்குப் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சொல்லிவிட்டு வெளியே வந்து, "இனி எந்து செய்யும், செல்லையா?" என்று, இனி என்ன செய்வதென்று, என்னிடம் கேட்பார்.

அந்தக் காலத்தில் கதவுகளுக்குக் கறையானைவிடப் பெரிய எதிரி நாய்தான். ஊரில் கொஞ்சம் வசதி வந்தவர்களெல்லாம் நாய் வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் நாயை உள்ளே விட மனசில்லை. வெளியே நிற்கிற நாய் என்ன செய்யும்? கதவைப் பிராண்டும். தம்பானூர் பக்கத்தில் ஒரு டாக்டர் வீட்டில் கதவின் கீழே தகரம் அடித்துக் கொடுத்தோம். தகரத்தில் பிராண்டினால் நல்ல சத்தம் வருகிறது என்று நாய் கண்டுபிடித்துவிட்டது. வேலை வெட்டி இல்லாத நேரமெல்லாம் அதையே வாசித்தது. தகரத்தைப் பிடுங்கிவிட்டு மிளகாய் அரைத்துப் பூசச் சொன்னார் டாக்டர். மேஸ்திரி வழக்கம்போல "செய்யாம்" என்றார். நாய் ஒரு தும்மல் போட்டுவிட்டு எட்டிப் போனது. டாக்டரின் மாமியார் கதவில் கையூன்றிச் செருப்பைக் கழற்றிவிட்டு, அதே கையால் கண்ணைக் கசக்கினார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் நாங்கள் போகவில்லை.

இதெல்லாம் சில்லறை. பெரிய வழக்கு, அதே ஊரில் ஆற்றங்கரையோரம் இருக்கும் கரமனையில் வந்தது. அறுபதுகளின் கடைசி என்று நினைவு.

அக்கிரகாரத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் சேஷன் சார், ஏதோ ஒரு ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குப்பொடி போடுகிறவர். எந்நேரமும் சட்டைப் பையில் டப்பா. மனைவி விசாலம் மாமி. ஒரே மகள் கமலா, சர்க்கார் உத்தியோகம். ஒருநாள் ஆபீஸ் விட்டு வரும்போது தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மழையில் நனைந்து கிடந்த ஒரு குட்டியை கமலா புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துவந்துவிட்டாள். மாமி குதித்தார். சேஷன் சார் மட்டும், "ரிட்டயர் ஆனதுலேர்ந்து பெல் அடிச்சா எட்டிப் பாக்க ஒருத்தன் இல்லை. இது இருக்கட்டும்" என்று சொல்லி, அதற்கு 'பியூன்' என்று பெயரும் வைத்தார். மாமி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். நாய் வாசல்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. சாப்பாடு வாசலிலேயே, தினமும் தயிர்சாதம்.

பியூன் தயிர்சாதம் தின்று கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்தது. கமலா சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் போதும். முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் கதவில் வைத்து, மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. மறுபடியும் ஓர் இழுப்பு. அது எப்பேர்ப்பட்ட கதவு! ஒரே பலகையில் செதுக்கிய தேக்கு, பித்தளைக் குமிழ்கள், மேலே கஜலட்சுமி. கீழ்ப்பாதி மட்டும் உழுத வயல் மாதிரி கிடந்தது.

எங்களை வரச்சொன்னபோது மாமி அழாத குறை.

"கமலாவைப் பொண்ணு பாக்க வரா, மேஸ்திரி. பையன் கல்கத்தால உத்தியோகம். வாசக்கதவே இந்த லட்சணத்துல இருந்தா உள்ள எப்படி இருக்கும்னு நினைப்பாளோல்லியோ? இதைச் சரி பண்ணித் தாங்கோ. அப்புறமும் ஒரு கீறல் விழுந்துதோ, நெய்யாற்றங்கரைலேர்ந்து என் தம்பி வந்து இந்த நாயைத் தோப்புக்குக் கொண்டு போயிடுவான். சொல்லி வெச்சாச்சு."

கமலா ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். முகம் வாடிப்போயிற்று. நாங்கள் படி இறங்கும்போது வெளியே வந்து, "தோப்புல ஏற்கெனவே ரெண்டு நாய் இருக்கு, செல்லையன். இவனைக் கடிச்சே கொன்னுடும். எப்படியாவது பாருங்கோ" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுவரை எனக்கு நாய் என்றாலே எரிச்சல்தான். அன்றைக்கு அந்த எரிச்சல் கொஞ்சம் ஆடிப்போனது.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தோம். பழைய பாலிஷை ஸ்பிரிட் துணியால் துடைத்து எடுத்தோம். வெறும் அமுங்கலாக இருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மரம் உப்பி வந்துவிடும். நகக்கீறல் அப்படி இல்லை, நாரையே அறுத்துவிடும். ஆகவே அரக்குக் குச்சியைச் சூடான கத்தியில் உருக்கி, கீறலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்ப வேண்டும். ஆறியபின் சுரண்டிச் சமப்படுத்தி, மரத்தின் ஓட்டத்தோடு உப்புத்தாள் போட வேண்டும். குறுக்கே போட்டால் தொலைந்தது. பிறகு பழைய வேட்டித் துணியில் பஞ்சைப் பொதிந்து, அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்ததில் நனைத்து, ஒட்டாமல் ஓட ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு, வட்டமாகவும் எட்டாகவும் போட்டுக்கொண்டே போக வேண்டும். இடையில் கை நிற்கக்கூடாது. நின்ற இடத்தில் தழும்பு விழும். முடிந்தபோது கதவில் என் முகம் தெரிந்தது.

அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டது. பியூன் மறுபடியும் உழுதுவிட்டது.

பெண் பார்க்க வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான். மாமி தம்பிக்குச் சொல்லியனுப்பக் கிளம்பிவிட்டார். கமலா கண் சிவந்து நின்றாள். மேஸ்திரி கண்ணை மூடிப் புறங்கையால் தடவினார். மோந்து பார்த்தார். "ஒரு தடவை கூடி நோக்காம் அம்மா. இனி இவன் பிராண்டாது. அதுக்கு ஒரு சாதனம் என்கிட்ட உண்டு. மழையும் பிடிக்காது, வெயிலும் பிடிக்காது, நாயும் பிடிக்காது" என்றார்.

"இனிமே ஒரு கீறல்கூட விழாதே?" என்றார் மாமி.

"செய்யாம்."

மறுநாள் கீறல்களை நிரப்பி முடித்தபின், மேஸ்திரி வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மண்கலயத்தைத் திறந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கலந்தார். குங்கிலியப்பொடி போட்டது தெரிந்தது. சந்தன எண்ணெய் ஊற்றியதும் தெரிந்தது. மற்றது தெரியவில்லை. கீழ்ப்பாதி முழுக்கத் தன் கையாலேயே பூசினார். கதவு கருகருவென்று மினுங்கியது. மாமி மூக்கை உறிஞ்சி, "கோவில் வாசனைன்னா வரது" என்றார். சேஷன் சார் பொடி போட்டுக்கொண்டே, "சுத்த சந்தனம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதிசயம், பியூன் பிராண்டுவதை அடியோடு நிறுத்திவிட்டது. கதவைப் பார்த்தபடி எந்நேரமும் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது என்று செய்தி வந்தது. மேஸ்திரி பட்டறையில் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தார்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் மாமி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். பியூன் கதவை நக்கிக்கொண்டிருந்தது. பிரசாதம் வாங்குகிறவன் மாதிரி கண்ணை மூடி நக்கியது. அதற்குப் பின்னால் படியிலும் சுவரிலும் பூனைகள். கரமனை ஆற்றங்கரையில் உள்ள பூனை அத்தனையும் அங்கேதான் இருந்தது.

"என்ன செல்லையா இது? எதிராத்துல, உங்காத்துல பூனைக்கு என்ன விசேஷம்னு கேக்கறா" என்றார் மாமி.

நான் குனிந்து மோந்து பார்த்தேன். சந்தனம் பறந்துவிட்டிருந்தது. குங்கிலியம் கொஞ்சம் இருந்தது. அதற்கு அடியிலிருந்து வந்த வாடை எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. மாமியிடம் ஏதோ உளறிவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன்.

"மேஸ்திரி, அந்தக் கலயத்துல என்ன?"

"ஸ்ராவு நெய்."

சுறா எண்ணெய்! அமாவாசைக்கு வெங்காயம்கூட உள்ளே போகாத வீட்டின் வாசக்கதவுக்கு, கஜலட்சுமியின் காலடியில், சுறா எண்ணெய்!

"எங்க அப்பன் வள்ளத்துக்குப் போடுறதாணு. கடப்புறத்துல எத்தற நாய் உண்டு. ஒண்ணும் வள்ளத்தைப் பிராண்டி ஞான் கண்டிட்டில்ல" என்றார் மேஸ்திரி.

"கடற்கரை நாய்க்கு வயிறு நிறைய மீன் கிடைக்கும் மேஸ்திரி! அது ஏன் வள்ளத்தைச் சீண்டும்? இது பிறந்ததுலேர்ந்து தயிர்சாதம் தின்னு வளர்ந்த நாயாக்கும்!"

இப்படி ஒரு கோணம் மேஸ்திரிக்குத் தோன்றவே இல்லை. மரத்துக்குள் இறங்கிவிட்ட எண்ணெயை ஒரே நாளில் எடுக்கவும் வழியில்லை. "இனி எந்து செய்யும், செல்லையா?" என்றார்.

சாயங்காலம் கரமனை பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து கமலாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நேக்கு முதல் நாளே தெரியும். ஆபீஸ்ல எனக்கு அடுத்த சீட் ஏலிக்குட்டி. அவ மத்தியானம் மீன்கறிப் பாத்திரத்தைத் திறந்தா இதே வாசனைதானே!"

"பின்னே ஏன்ம்மா சொல்லல?" என்றேன்.

"அவன் பிராண்டறதை நிறுத்திட்டானே. அது போதாதா? அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கோ. தெரிஞ்சா கதவையே பேத்து ஆத்துல விட்டுடுவா, கூடவே இவனையும். நாளைக்கு ஒரு மணி நேரம், அந்தப் பூனைகளை மட்டும் எப்படியாவது..."

"செய்யாம்" என்றார் மேஸ்திரி.

அதனால்தான் மறுநாள் காலையில் நான் கரமனைப் பாலத்தடியில் ஒரு மீன்காரியிடம் ஒரு பொட்டலம் சாளை வாங்கினேன். தெரு வழியாகக் கொண்டுபோக முடியுமா? வீடுகளுக்குப் பின்னால் ஆற்றங்கரை வழியே போய், ஒரு வாழைத்தோட்டத்தில் இலை போட்டுப் பரிமாறினேன். பூனைகள் ஒவ்வொன்றாக வந்து பந்தியில் உட்கார்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்டிருந்த பியூன் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நின்றது.

ஒரு சாளையைக் கவ்வியது. கவ்வியதே தவிர, தின்னத் தெரியவில்லை. வாழ்நாளில் மீனைக் கண்டதில்லையே! நல்ல பொருள் கிடைத்தால் எங்கே கொண்டுபோவது? தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு, வாசலுக்கு, எடுத்துக்கொண்டு ஓடியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே போயிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஷூ லேசை அவிழ்ப்பதற்காக வாசல்படியில் பின்தங்கியிருந்தார். அவர் கழற்றிய ஷூவுக்குப் பக்கத்தில் பியூன் அந்தச் சாளையைப் பக்குவமாக வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

என் உயிர் போய்விட்டது. அந்த மனிதர் நாயைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். கதவைப் பார்த்து, லேசாகக் குனிந்து மோந்தார். நிமிர்ந்தபோது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கமலா நின்றிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு நாயின் தலைவிதி அவர் வாயில் இருந்தது.

அவர் கையிலிருந்த பேப்பரில் மீனைச் சுற்றி மடித்தார். மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து, "இது உங்க பொட்டலமா?" என்றார் மெல்ல.

"ஆமா சார்."

"ஜாக்கிரதையா வெச்சுக்கோங்கோ" என்று என் கையில் கொடுத்தார். பியூனின் தலையைத் தடவினார். படியோரம் வைத்திருந்த சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போனார். உள்ளேயிருந்து சேஷன் சாரின் குரல் கேட்டது: "சந்தன பாலிஷ், கவனிச்சேளா?"

"ரொம்ப நன்னா இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

கல்யாணம் நிச்சயமாயிற்று. "கல்கத்தால இருக்கறவருக்கு மீன் வாசனை தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை சொல்லலை பாருங்கோ" என்று கமலா பிறகு என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. எனக்கே கல்யாண ஆசை வந்துவிட்டது. பியூன் கரமனையிலேயே இருந்தது. கீறல் விழவில்லையே, மாமி வாக்குத் தவறவில்லை.

கல்யாணம் முடிந்து மகள் கல்கத்தா போனபின், மாமி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். வாடை போய், பூனைகளும் போயிருந்தன. மாமி எங்களை உள்ளே நேராகப் பூஜை அறை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மேஸ்திரி, வாசக்கதவு அமோகமா இருக்கு. அதே பாலிஷை இந்தப் பூஜை ரூம் கதவுக்கும் போட்டுத் தாங்கோ."

மேஸ்திரி கண்ணை மூடினார். கையை நீட்டினார், ஆனால் கதவைத் தொடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு, அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னார்.

"பற்றில்ல, அம்மா."

முடியாது என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வியர்த்து நின்றார்.

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கரமனை ஆத்தங்கரைல பொறந்து வளந்தவ நான். மீன் நாத்தம் தெரியாதா நேக்கு? பூனை வந்த அன்னிக்கே தெரிஞ்சுடுத்து. கதவைப் பேத்துப் போடச் சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். கமலா அந்த நாயைக் கட்டிண்டு உக்காந்திருந்தா. இந்த ஆத்தை விட்டுப் போப்போற பொண்ணு. வாயை மூடிண்டேன். இப்போ இதுக்கும் 'செய்யாம்'னு சொல்றேளான்னு பாத்தேன். பகவான் காப்பாத்தினார்" என்றார்.

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பினார்.

"போறது. ஆனா அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ. பொடி போட்டுப் போட்டு மூக்கே போயாச்சு. இன்னமும் சந்தனம்னே நம்பிண்டிருக்கார்."

வாசலில் செருப்புச் சத்தம். சேஷன் சார் உற்சாகமாக உள்ளே வந்தார். "அடடே மேஸ்திரி, நானே பழவங்காடிக்கு வரணும்னு இருந்தேன். தெருவுல அத்தனை பேரும் நம்மாத்துக் கதவைப் பாத்துக் கேக்கறா. எல்லாராத்துக்கும் அந்தச் சந்தன பாலிஷ் போட்டுத் தரேன்னு நானே வாக்குக் கொடுத்துட்டேன். என்ன சொல்றீர்?"

நான் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமி சேஷன் சாரின் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். மேஸ்திரி வாயைத் திறந்தார். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் அந்தச் சொல் அவருக்கு வராது போலிருக்கிறது.

"செய்யாம், சாரே" என்றார்.